படி அளப்பது யார்?

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், படைத்தவன் படியளப்பான்!" இதைச் சொல்லிச் சொல்லியே முதுமையின் வாயை அடைத்து வைத்திருக்கிறது இந்த நாடு. உழைத்துத் தேய்ந்த கை, கஞ்சிக்கு வழியென்ன என்று கேட்டால், வானத்தைக் காட்டுகிறார்கள். மருந்துக்கு வழியென்ன என்று கேட்டால், மலையைக் காட்டுகிறார்கள். வானம் படி அளந்ததில்லை. மலையும் மாத்திரை தந்ததில்லை. படி அளப்பது அரசு. அளக்க மறுப்பதும் அரசு. ஒருவருக்குக் குவித்து அளந்து, மற்றொருவருக்குத் தலைதட்டி அளந்து, மூன்றாமவருக்குப் படியையே கவிழ்த்து வைப்பதும் அரசுதான். இந்த உண்மையை உரக்கச் சொல்லவே எழுதுகிறோம்.

"அகவிலைப்படி" என்ற சொல்லை அரசு ஊழியர் வீடுகளிலே அடிக்கடி கேட்கலாம். அகவிலை என்றால் பண்டங்களின் விலை. அந்த விலை ஏறும்போது, ஊதியமும் ஓய்வூதியமும் அதனோடு ஏறுவதற்காகத் தரப்படும் தொகை அகவிலைப்படி. ஓய்வு பெற்றோருக்குத் தரப்படும்போது அகவிலை நிவாரணம் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நாகரிகமான ஏற்பாடு. ஆனால் அந்த நாகரிகம் யார் வீட்டு வாசல்வரை வருகிறது? எந்த வாசலோடு நின்றுவிடுகிறது? அதைத்தான் ஆராய வேண்டும்.

திருவண்ணாமலைக்கு வாருங்கள் தோழர்களே! செங்கம் சாலையிலே ரமணாசிரமப் பகுதிக்கு வாருங்கள். 1896ஆம் ஆண்டு இவ்வூருக்கு வந்த இளைஞர் ஒருவரைச் சுற்றி, 1922க்குப் பிறகு வளர்ந்த ஆசிரமம் அது. அவர் 1950இல் மறைந்தார். ஆனால் அவரைத் தேடி வருவோர் தொகை குறையவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து வருகிறார்கள். குளிர்காலம் வந்தால் தெருக்களிலே பல மொழிகள் கேட்கின்றன. முழுநிலவு வந்தால் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க மக்கள் வெள்ளம் திரள்கிறது. விடுதிகள் எழுந்தன, உணவகங்கள் எழுந்தன, வீட்டு வாடகை எழுந்தது, மனை விலை மலையோடு போட்டியிட்டு எழுந்தது. எழாதது ஒன்றுதான்: அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மூத்துவிட்ட எளியவரின் வருவாய்!

அத்தெருக்களிலே வாழும் மூன்று முதியவர்களை எண்ணிப் பாருங்கள். பெயர் வேண்டா. அவர்களைப் போன்றோர் தமிழகத்தின் எந்த ஊரிலும் ஆயிரக்கணக்கில் உண்டு.

முதலாமவர், அரசு அலுவலகத்திலே எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர், ஆலையிலே முப்பது ஆண்டு இயந்திரத்தோடு இயந்திரமாக நின்றவர்; மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் கொடுத்தவர். மூன்றாமவர் ஒரு மூதாட்டி. நடவு நட்டவர், களை பறித்தவர், மேலே இருக்கும் மாடி வீடுகளுக்கெல்லாம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, ஆகவே அவர் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

மூவரும் ஒரே கடையிலே பருப்பு வாங்குகிறார்கள். ஒரே கடையிலே பால் வாங்குகிறார்கள். ஒரே மருந்துக்கடையிலே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிறார்கள். கடைக்காரர் முதலாமவருக்கு ஒரு விலை, மூன்றாமவருக்கு ஒரு விலை சொல்வதில்லை. சாதி பார்க்காத விலை! ஏழை பார்க்காத விலை! சந்தையிலே மட்டும் சமத்துவம் சரியாக நடக்கிறது. ஆனால் விலை ஏறும்போது அரசு நீட்டும் கை இருக்கிறதே, அது ஆள் பார்க்கிறது.

முதலாமவரின் கணக்கைப் பார்ப்போம். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பண்டங்களின் விலையை மாதந்தோறும் திரட்டி, நடுவண் அரசின் தொழிலாளர் பணியகம் குறியீட்டெண் ஒன்றை வெளியிடுகிறது. பன்னிரண்டு மாதச் சராசரியைக் கொண்டு, சனவரி 1, சூலை 1 என்று ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் ஊதியம் நடைமுறைக்கு வந்த 2016 சனவரியிலே சுழியத்திலிருந்து தொடங்கியது அது. 2024 சனவரியிலே 50 விழுக்காடு ஆயிற்று. 2025 சூலையிலே நடுவண் அரசின் கணக்கில் 58 விழுக்காடு ஆயிற்று. அதாவது, 2016இல் 20,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியம் பெற்றவர், 2025 சூலையில் 31,600 ரூபாய் பெறுகிறார். விலை ஏறியது, படியும் ஏறியது. முழுமையாக ஈடு செய்ததா என்பது வேறு கேள்வி. ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையாவது ஏற்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கொள்கையும் தானாகக் கனிந்து மடியில் விழுந்த கனியன்று, போராடிப் பெற்றது. ஓய்வூதியம் எசமானன் மனமிரங்கிப் போடும் பிச்சையன்று, உழைத்த காலத்துக்கான உரிமை என்பதை 1982 டிசம்பர் 17ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அறுதியிட்டுக் கூறியது. நகாரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கு அது. 1979 மார்ச்சு 31க்கு முன் ஓய்வு பெற்றவருக்கு ஒரு கணக்கு, அதன் பின் ஓய்வு பெற்றவருக்கு வேறு கணக்கு என்று நாட்காட்டியைக் கொண்டு முதியோரைக் கூறுபோட்டிருந்தது அரசு. செல்லாது என்றது நீதிமன்றம். அந்த நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும்! ஆனால் நாம் கேட்கிறோம்: நாளைக் கொண்டு கூறுபோடுவது தவறென்றால், தொழிலைக் கொண்டு கூறுபோடுவது மட்டும் சரியாகுமா? எழுதுகோல் பிடித்த கைக்கு விலைவாசி சுடும், மண்வெட்டி பிடித்த கைக்குச் சுடாது என்று எந்த நூல் சொல்கிறது?

உரிமை பெற்ற முதலாமவரின் நிலையும் உறுதியானதன்று. கொள்ளை நோய்க் காலத்தை நினைவுகொள்ளுங்கள். 2020 சனவரி, 2020 சூலை, 2021 சனவரி ஆகிய மூன்று தவணைகளை நடுவண் அரசு நிறுத்தி வைத்தது. 17 விழுக்காட்டிலேயே படி உறைந்து கிடந்தது. 2021 சூலையில் 28 விழுக்காடு என்று உயர்த்தினார்கள். ஆனால் இடைப்பட்ட பதினெட்டு மாத நிலுவையைத் தரவில்லை. அடிப்படை ஓய்வூதியம் 10,000 ரூபாய் பெற்ற ஒருவர் இழந்தது என்ன? முதல் ஆறு மாதத்திலே மாதம் 400, அடுத்த ஆறு மாதத்திலே மாதம் 700, அதற்கடுத்த ஆறு மாதத்திலே மாதம் 1,100. ஆக 13,200 ரூபாய். ஊழியர், ஓய்வூதியர் ஆகியோரிடம் இவ்வாறு மிச்சம் பிடித்த தொகை 34,402 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே கணக்குச் சொன்னார்கள். தமிழகத்திலோ 17 விழுக்காடு என்ற நிலை 2021 இறுதிவரை நீடித்து, 2022 சனவரியில்தான் மாறியது. நோய் மூத்தோரைத்தான் முதலில் தேடி வந்தது. மருந்துச் செலவு மூத்தோருக்குத்தான் மிகுந்தது. சிக்கனக் கத்தியும் அவர்கள் மடியைத்தான் முதலில் தேடிற்று!

அரசுப் பேருந்தை ஓட்டி ஓய்ந்தவர் கதையையும் கேளுங்கள். தமிழகப் போக்குவரத்துக் கழகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றோர், அகவிலைப்படி உயர்வு பல ஆண்டுகளாகத் தமக்குத் தரப்படவில்லை என்று நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினர். 2024 சனவரியிலே போக்குவரத்துத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், ஓய்வு பெற்ற தோழர்களின் அகவிலைப்படி முதன்மையான ஒன்று. கிரிவலத்துக்கு நாடெங்குமிருந்து மக்களை ஏற்றி வந்து இறக்கிய கைகள், தங்கள் படிக்காக முழக்கமிட்டு உயர வேண்டியிருந்தது.

இனி இரண்டாமவர். 1995 நவம்பர் 16இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருகிறார் ஆலைத் தொழிலாளி. அவருடைய கணக்கு எளியது: ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். அந்த ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு. முன்பு 6,500 ரூபாய், 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். உச்சவரம்புக் கணக்கிலேயே முப்பத்தைந்து ஆண்டு உழைத்தாலும் ஏறத்தாழ 7,500 ரூபாய்தான். வரம்பைத் தொடாத ஊதியக்காரர், இடையிலே ஆலை மூடப்பட்டவர், இவர்கள் கதி இன்னும் கீழே. எனவே குறைந்த அளவு 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரிலே அறிவித்தார்கள்.

அந்த ஆயிரம் அங்கேயே நின்றது. 2015 வந்தது, நின்றது. 2020 வந்தது, நின்றது. 2025 வந்தபோதும் அதே ஆயிரம்! ஏன்? அந்தத் திட்டத்திலே அகவிலைப்படி என்ற சொல்லுக்கே இடமில்லை. மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2013லேயே 3,000 ரூபாயாவது வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை தாளிலே, பசி வயிற்றிலே!

பள்ளியிலே விழுக்காட்டுக் கணக்கு படித்த பிள்ளைகூடச் செய்யக்கூடிய கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். அரசு ஊழியருக்குப் படி கணக்கிட அரசே பயன்படுத்தும் அதே குறியீட்டெண், 2014 செப்டம்பரில் 253. 2025 சூனில் புதிய அடிப்படையில் 145. இணைப்புக் காரணியான 2.88ஆல் பெருக்கினால், பழைய கணக்கில் ஏறத்தாழ 418. அதாவது 2014இல் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 2025இல் வாங்க 1,650 ரூபாய் வேண்டும். மாற்றிச் சொன்னால், கையிலே கொடுக்கும் ஆயிரத்தின் மதிப்பு 600 ரூபாயளவுக்குச் சுருங்கிவிட்டது. எவரும் சட்டம் போட்டு 400 ரூபாயைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் ஊரே கொதித்திருக்கும். சும்மா இருந்தே குறைத்துவிட்டார்கள். ஓசையில்லாத கொள்ளை இது. பூட்டை உடைப்பதில்லை, சுவர் ஏறுவதில்லை. ஆண்டுதோறும் ஒரு பிடி, ஒரு பிடியாகக் கலயத்திலிருந்து அரிசி குறைகிறது, அவ்வளவுதான்.

மூன்றாமவரான மூதாட்டியிடம் வருவோம். முதியோர் உதவித்தொகைத் திட்டம், காமராசர் முதலமைச்சராக இருந்த 1962ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கியது. பெருமைக்குரிய தொடக்கம், பல மாநிலங்களுக்கு முன்னோடி. நடுவண் அரசு 1995இல்தான் விழித்தது, அதுவும் 75 ரூபாயோடு! பிறகு 200 ரூபாய் ஆக்கியது. 2007இல் திட்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டியது. எண்பது கடந்தவருக்கு 500 என்று 2011இல் சொன்னது. அறுபது முதல் எழுபத்தொன்பது வரையிலானவருக்கு நடுவண் அரசின் பங்கு, 2025 வரையிலும் அதே 200 ரூபாய்தான். 2007க்குப் பின் விலைவாசி மும்மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே அந்த 200 ரூபாய், அன்றைய மதிப்பிலே 70 ரூபாய்கூடப் பெறாது. புதுப்பெயர் வைத்தவர்கள் புதுத்தொகை வைக்க மறந்தார்கள்!

நடுவண் அரசைச் சாடிவிட்டு நம் வீட்டைக் கூட்டாமல் விடலாமா? விடமாட்டோம். தன்மான இயக்கம் நமக்குக் கற்பித்த முதல் பாடம், தன்னையும் தட்டிக் கேட்பது. தமிழக அரசு 2011இலே உதவித்தொகையை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியது. அடுத்த உயர்வு 2023இலே, 1,200 ரூபாய். இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள்! 2011 ஆகஸ்டிலே 194ஆக இருந்த அதே குறியீட்டெண், 2023 ஆகஸ்டிலே பழைய கணக்கில் ஏறத்தாழ 400. விலை இருமடங்கு ஏறியது. தொகை ஐந்தில் ஒரு பங்கு ஏறியது. 2011இன் ஆயிரத்தை அப்படியே காப்பாற்றவே 2,000 ரூபாய்க்கு மேல் வேண்டியிருந்தது. கிடைத்தது 1,200. உயர்வு என்று முழக்கமிட்டார்கள். மூதாட்டியின் மடியிலோ அது தாழ்வு. யார் கொடுத்தாலும் கணக்குக் கணக்குத்தான். நம்மவர் கொடுத்தார் என்பதற்காக, குறைந்த படி நிறைந்துவிடுமா?

1967ஆம் ஆண்டை மறந்தவர் உண்டா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று மக்கள் முன் நின்றது ஓர் இயக்கம். ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கத் தொடங்கியது. அந்த முழக்கத்தின் உட்பொருள் என்ன? ரூபாய் என்பது வெறும் தாள். அது எத்தனை படி வாங்குகிறது என்பதே ஏழையின் கணக்கு. இந்த நுட்பத்தை நாட்டுக்குக் கற்பித்தவர்களின் மண்ணிலேயே, மூதாட்டிக்கு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் படியை எண்ணாமல் இருப்பது தகுமா?

இனி வரப்போகும் முதியோருக்காவது வழி வைத்திருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளருக்கென 2019இல் நடுவண் அரசு கொண்டுவந்த திட்டத்தைப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை மாதம் 55 ரூபாய் கட்ட வேண்டும், அறுபது வயதுவரை. பிறகு மாதம் 3,000 ரூபாய். கேட்க இனிக்கிறது! 2019இல் சேர்ந்தவருக்கு அது கிடைப்பது 2061இல். ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறுவதாகக் கொண்டாலே, அந்த 3,000 ரூபாய் 2019இன் 390 ரூபாய்க்குக் கூட ஈடாகாது. நாற்பத்திரண்டு ஆண்டு காத்திருந்து திறக்கும் பெட்டியிலே, கரையான் அரித்த மிச்சம்! 2015இன் அடல் ஓய்வூதியத் திட்டமும் இப்படித்தான்: ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை என்று தொகையை ஆணி அடித்து நிறுத்தியிருக்கிறது. தொகைக்கு ஆணி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு விலைக்கு ஆணி அடிக்கத் தெரியவில்லையே!

இங்கேதான் குறுக்கே வருகிறார் பக்தர். "ஏனய்யா இத்தனை ஆத்திரம்? அண்ணாமலையிலே அன்னதானத்துக்கா பஞ்சம்? ஆசிரமத்திலே நாள்தோறும் சோறு போடுகிறார்கள். முழுநிலவு நாளிலே வழி நெடுகச் சோறு. வரிசையிலே நின்றால் வயிறு நிறைகிறது!" என்கிறார்.

சோறு போடுவோரை நாம் பழிக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுவதை எந்தப் பகுத்தறிவும் தடுப்பதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். முப்பது ஆண்டு உழைத்தவன் ஏன் வரிசையிலே நிற்க வேண்டும்? ஊருக்கெல்லாம் நெல் விளைத்தவள் ஏன் தட்டேந்த வேண்டும்? அன்னதான வரிசை மாத்திரை தருமா? வாடகை தருமா? மூக்குக் கண்ணாடி தருமா? பேத்திக்கு ஒரு பலகாரம் வாங்கிக் கொடுக்கும் பெருமையைத் தருமா? தானம் கொடுப்பவனுக்குப் புண்ணியக் கணக்கு ஏறுகிறதாம். வாங்குபவனுக்கு என்ன ஏறுகிறது? கூனிய முதுகிலே இன்னும் ஒரு கூனல் ஏறுகிறது. உரிமை கேட்க நீளும் கை வேறு, இரக்க நீளும் கை வேறு. முதற்கையை வெட்டிவிட்டு இரண்டாம் கையை வளர்க்கும் சமுதாயத்தைத் தரும சமுதாயம் என்பதா?

"நான் யார்?" என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்ன ஞானியின் பெயரைத் தாங்கிய பகுதி அது. உலகமெங்குமிருந்து வந்து அக்கேள்வியைக் கேட்கிறார்கள். அத்தெருவிலே வாழும் மூதாட்டியும் கேட்கிறாள், மாத முதல் வாரத்தோடு பணம் தீர்ந்த பிறகு: "நான் யாருக்கு வேண்டும்?" முதற்கேள்விக்கு விடை தேட ஆயிரம் நூல்கள் இருக்கின்றன. இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல ஒரு சட்டமாவது வேண்டாமா?

"எல்லாம் முன்வினை" என்பார் ஒருவர். முன்வினைதான் காரணமென்றால், அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றோரெல்லாம் முற்பிறவியிலே நல்வினை செய்தவர்களா? களை பறித்தோரெல்லாம் தீவினை செய்தவர்களா? யார் அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள், யார் வயலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்பதை முடிவு செய்தது வினையன்று, வருணம். படிக்கும் உரிமை மறுக்கப்பட்டோரும், நிலம் மறுக்கப்பட்டோரும், பதிவேட்டில் பெயர் மறுக்கப்பட்டோரும், பெண்ணாய்ப் பிறந்ததால் வீட்டு வேலையைக் கணக்கிலே சேர்க்க மறுக்கப்பட்டோருந்தான் இன்று படியில்லாத முதியவர்கள். இளமையிலே செய்த அநீதி, முதுமையிலே வட்டியோடு வந்து நிற்கிறது.

"பிள்ளைகள் காப்பாற்ற வேண்டியதுதானே?" என்பார் இன்னொருவர். 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைமீது கோட்டாட்சியரிடம் முறையிடலாம். மாடி வீட்டு மகனிடம் கேட்கச் சட்டம் உதவும். ஆனால் மூதாட்டியின் மகனே நாட்கூலி! அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், அவனுக்கும் அதே பருப்பு, அதே விலை. ஈரத் துணியைப் பிழிந்தால் நீர் வரும். காய்ந்த துணியை முறுக்கினால் நூல்தான் அறும்.

"நியாயவிலைக் கடையிலே அரிசி இலவசந்தானே?" என்பார் மற்றொருவர். ஆம், தமிழகத்தின் பெருமை அது. இல்லையென்றால் சாவுக் கணக்குத்தான் ஏறியிருக்கும். ஆனால் அரிசி மட்டும் உண்டு வாழ முடியுமா? பருப்பு, எண்ணெய், காய், பால், சிலிண்டர், மின்கட்டணம், மருந்து, மருத்துவமனைக்குப் போக ஆட்டோ இவற்றின் விலையைத்தான் பேசுகிறோம்.

"படியை உயர்த்தினால் விலைவாசி இன்னும் ஏறும்" என்பார் பொருளாதாரப் புலவர். வண்டிக்குப் பின்னால் ஓடும் நாய்தான் வண்டியை இழுக்கிறது என்பதைப் போன்ற வாதம் இது! விலை ஏறிய பிறகு, ஆறு மாதம் கழித்துத்தான் படி வருகிறது. 1,000 ரூபாய்க் கிழவி வாங்கும் கால் கிலோ துவரம்பருப்பாலா நாட்டின் விலைவாசி ஏறிற்று?

"பணம் எங்கே?" என்பார் கடைசியாக. பதினெட்டு மாதத்தில் 34,402 கோடி மிச்சம் என்று பைசா பிசகாமல் கணக்கெடுத்தவர்களுக்கு, வாங்கத் தெரிந்த கணக்கு, கொடுக்க மட்டும் தெரியாதா? சோப்பு முதல் செருப்பு வரை எதை வாங்கினாலும் மூதாட்டியும் வரி கட்டுகிறாள். விலை ஏறினால் அந்த வரியும் கூடவே ஏறுகிறது. அரசின் வரவு விலையோடு ஏறுமாம். முதியோரின் வரவு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்குமாம். இது எந்த ஊர் நியாயம்?

உலகத்தைப் பாருங்கள். 1889இலேயே முதியோர் ஓய்வூதியச் சட்டம் கண்ட செருமனி, 1957இல் ஓய்வூதியத்தை ஊதிய உயர்வோடு இணைத்தது. உழைப்போர் உயரும்போது உழைத்தோரும் உயரட்டும் என்பது கொள்கை. அமெரிக்காவிலே, அவ்வப்போது சட்டமன்றத்தின் மனம் இரங்கினால்தான் உயர்வு என்ற நிலை இருந்தது. 1972இல் சட்டமியற்றி, 1975 முதல் விலைவாசிக் குறியீட்டெண்ணோடு தானாகவே உயரும்படி செய்தார்கள். விலை பறந்த ஆண்டின் முடிவிலே, 2023 சனவரி முதல் 8.7 விழுக்காடு உயர்ந்தது. எந்தத் தலைவரும் மாலை போட்டுக்கொண்டு வழங்கவில்லை. சட்டம் வழங்கிற்று. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் உயர்வே இல்லை என்றபோது, முதியோர் வேறொரு கேள்வியைக் கூர்மையாக்கினர்: உழைக்கும் குடும்பத்தின் செலவைக் கொண்டு எங்கள் செலவை அளப்பது சரியா? எங்களுக்கு மருந்துச் செலவன்றோ மிகுதி? முதியோருக்கெனத் தனிக் குறியீட்டெண் ஒன்றைச் சோதனையாகக் கணக்கிடும் வேலை அங்கே 1980களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது.

தொலைவிலே போவானேன்? இந்தியாவிலேயே, இராசத்தான் மாநிலம் 2023இல் குறைந்தபட்ச வருவாய் உறுதிச் சட்டம் இயற்றியது. ஓய்வூதியம் சூலையில் 5 விழுக்காடும் சனவரியில் 10 விழுக்காடுமாக, ஆண்டுக்கு 15 விழுக்காடு தானே உயர வேண்டும் என்று அச்சட்டத்திலேயே எழுதினார்கள். ஆட்சி மாறலாம், நடைமுறை தடுமாறலாம். ஆயினும் ஏழை முதியவருக்கான உயர்வைச் சட்டத்திலே எழுதலாம் என்று காட்டியாயிற்று. முடியாதென்று இனி எவர் சொன்னாலும், மனமில்லை என்பதே பொருள்.

மற்ற மாநிலங்களிலே நடப்பதென்ன? தேர்தல் தேதியே குறியீட்டெண்! வாக்குச்சாவடி நெருங்கினால் தொகை ஏறுகிறது. வாக்குப்பெட்டி மூடினால் தூங்குகிறது. நம் மாநிலத்தின் பன்னிரண்டு ஆண்டுத் தூக்கமும் இந்த வகைதான். பசிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வருவதில்லை. நாளுக்கு மூன்று முறை வருகிறது.

ஆகவே நாம் கேட்பது நான்கு.

ஒன்று: முதியோர் உதவித்தொகையும், ஆலைத் தொழிலாளரின் ஓய்வூதியமும், அரசு ஓய்வூதியருக்கு உயரும் அதே சனவரி 1, அதே சூலை 1 நாட்களில், அதே குறியீட்டெண்ணின்படி தானே உயரச் சட்டம் வேண்டும். அறிவிப்பு விழா வேண்டா, ஆளுயர மாலை வேண்டா.

இரண்டு: உயர்த்தத் தொடங்குமுன், அரித்துப்போன அடித்தளத்தைச் செப்பனிட வேண்டும். 200 ரூபாயின்மீது அகவிலைப்படி கணக்கிட்டுப் பத்து ரூபாய் கொடுப்பது கேலிக்கூத்து. கடந்த ஆண்டுகளில் விலை தின்றதைத் திருப்பித் தந்த பிறகே படி தொடங்க வேண்டும்.

மூன்று: முதியோர் குடும்பத்தின் கூடையை வைத்து, மருந்துக்கும் மருத்துவத்துக்கும் உரிய எடை கொடுத்து, தனிக் குறியீட்டெண் ஒன்று கணக்கிடப்பட வேண்டும். 2016ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையிலே, உணவின் எடையை 46.2இலிருந்து 39.17ஆகக் குறைத்தார்கள். ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது பொருந்தலாம். சோறும் மாத்திரையுமே செலவாகிப்போன மூதாட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

நான்கு: எந்தப் பேரிடர் வந்தாலும், முதியோர் படியை ஓர் அலுவலக ஆணையால் உறைய வைக்கும் அதிகாரம் எவருக்கும் இருக்கக்கூடாது. நிறுத்த வேண்டுமென்றால், மன்றத்திலே எழுந்து நின்று, காரணம் சொல்லி, வாக்கெடுத்து நிறுத்தட்டும். யார் கை தூக்கினார்கள் என்பதை நாடு பார்க்கட்டும்.

முதலாமவருக்குக் கிடைப்பதைப் பறித்து மூன்றாமவருக்குக் கொடு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பாதீர். இருவரையும் மோதவிட்டு, இருவர் படியையும் குறைப்பதே அவர்கள் நோக்கம். ஓய்வூதியர் நாளைக் கொண்டாடும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: உங்கள் மேடையிலே ஆலைத் தொழிலாளிக்கும் சித்தாள் மூதாட்டிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். உங்கள் கோரிக்கைத் தாளிலே அவர்கள் படியையும் எழுதுங்கள். தனித்து நின்றதால்தான் 2020இல் உங்கள் படியும் எளிதாக உறைந்தது.

இளைஞர்களே! 2011இன் மக்கள்தொகைக் கணக்கிலேயே தமிழகத்தில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் அறுபது கடந்தவர். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. இது பாட்டன் பாட்டியின் வழக்கென்று எண்ணாதீர்; உங்கள் வழக்கு, சற்று முன்னதாகவே விசாரணைக்கு வந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, முதுமையிலே அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற வாலையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அந்த வாலையே எழுபதாண்டுக்கு மேலாக ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தலையை எப்போது காட்டுவார்கள் என்று கேட்பது நம் வேலை.

கேட்க ஓர் எளிய வழி சொல்கிறோம். அடுத்த முறை உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ தெருவுக்கு வரும்போது, மாலைக்குப் பதிலாக ஒரு துண்டுத் தாளை நீட்டுங்கள். அதிலே இரண்டே எண்கள் இருக்கட்டும்: முதியோர் உதவித்தொகை கடைசியாக உயர்ந்த ஆண்டிலே குறியீட்டெண் என்ன, இன்று என்ன. இடைவெளியை யார் தின்றார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.